எட்டாவது கயிறு

சாதி பார்க்காமல் எல்லா வீட்டுப் பெண்களையும் ஒரே வட்டத்தில் ஆடவைத்த புண்ணியவதி என்று யாராவது என்னைப் பற்றிப் பேசத் தொடங்கினால் எனக்கு வயிறு பற்றிக்கொண்டு எரியும். புண்ணியமாவது, மண்ணாங்கட்டியாவது! எங்களுக்கு ஆள் பற்றவில்லை. அவ்வளவுதான் விஷயம். பின்னல் கோலாட்டத்துக்கு ஆள் இரட்டைப்படையில் வேண்டும். மேலே ஒரு வளையம், அதிலிருந்து தொங்கும் கயிறுகள். இடக்கையில் ஆளுக்கொரு கயிறு, வலக்கையில் கோல். பாதிப் பேர் வலமாகவும் பாதிப் பேர் இடமாகவும் சுற்றி, ஒருத்தியைக் குனிந்தும் அடுத்தவளை நிமிர்ந்தும் தாண்டிப் போனால், தலைக்கு மேலே கயிறுகள் சடையாகப் பின்னிக்கொண்டு இறங்கும். அதே வழியில் திரும்பி ஆடினால் பின்னல் பிரிந்துவிடும். நடுவில் ஒருத்தி இல்லாமல் போனால் பின்னவும் முடியாது, பிரிக்கவும் முடியாது.

நான் சொல்வது வெள்ளைக்காரன் காலம், முப்பதுகளின் நடுப்பகுதி. சேலத்திலிருந்து ஜலகண்டாபுரம் போகிற பாதையில் எங்கள் ஊர். தெருவுக்குத் தெரு தறிச் சத்தம். தெருக்களுக்குப் பின்னால் புளியமரங்கள் நிழல் போட்ட நீண்ட திடல் ஒன்று இருந்தது. பாவடி என்போம். விடியற்காலையில் பாவு நூலை அந்தத் திடலின் நீளத்துக்கும் இழுத்துக் கட்டிக் கஞ்சி போடுவார்கள். வெயில் ஏறுவதற்குள் வேலை முடிந்துவிடும். அதற்கப்புறம் அங்கே காக்காய்கூட இராது. பாவடிக்குள் கத்தியோ அரிவாளோ கொண்டுவரக் கூடாது என்று எங்கள் ஆட்களுக்கு ஒரு கட்டு உண்டு. இழை அறுந்தால் முடி போடலாமே தவிர, பாவடியில் நூலை வெட்டுவது தறியையே வெட்டுகிற பாவம் என்பார்கள்.

சாயங்காலம் அங்கே போய் ஆடுவது எங்கள் வழக்கம். ஆரம்பத்தில் எல்லோரும் நெசவுக்காரப் பெண்கள்தான். எண்ணெய்க் கத்தரிக்காய்க்குப் பிஞ்சு பொறுக்குகிற மாதிரி ஒவ்வொருத்தியாகப் பொறுக்கிக் கல்யாணம் பண்ணிக் கொடுத்துவிட்டார்கள். தை வந்தால் ஒருத்தி, வைகாசி வந்தால் ஒருத்தி. இடத்தை நிரப்ப, என்னோடு பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்த பண்ணையக்காரர் வீட்டுப் பெண்ணைக் கூட்டி வந்தேன். பெரிய காடு தோட்டம் உள்ள வீடு. நெசவுக்காரப் பெண்களோடு பழகுவதை அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் துணி வெளுக்கிறவர் மகள் வந்தாள். கடைசியாக என் சித்தப்பா மகளைக் குமாரபாளையத்தில் கட்டிக் கொடுத்தார்கள். ஏழு பேர் ஆகிவிட்டோம். நான் அழுத அழுகையைப் பார்த்து, அவள் பிரிவுக்காக அழுகிறேன் என்று சித்தி நினைத்துக்கொண்டாள். நான் எங்கள் ஆட்டம் போச்சே என்று அழுதேன்.

ஏழு பேரை வைத்துக்கொண்டு நான் எப்படியெல்லாமோ செய்து பார்த்தேன். ஒரு நாள் கயிறெல்லாம் சிக்கிக்கொண்டு, ஒருத்தி தலைமயிரும் அதில் மாட்டி, நாங்கள் கத்திக்கொண்டிருந்தபோது மரத்தடியில் யாரோ சிரித்தார்கள். கூடை முறம் விற்கிறவள். எங்கள் வயதுதான் இருக்கும். தாலி கட்டியிருந்தாள். கூடைகளை இறக்கி வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கு வந்ததே கோபம்!

"சிரிக்கறயே, வந்து ஆடிப் பாரு! அப்பத் தெரியும்!" என்றேன்.

அவள் வந்துவிட்டாள். வர மாட்டாள் என்று நினைத்துத்தான் நான் சொன்னது.

யார் அவள் என்று சொல்லிவிடுகிறேன். ஊருக்கு மேற்கே கரடு ஒன்று உண்டு, மொட்டைப் பாறைக் குன்று. அதன் அடிவாரத்துக் குடிசைகளில் கூடை முடைகிற ஜனங்கள் இருந்தார்கள். அவர்கள் மேல் கைரேகைச் சட்டம் போட்டிருந்தது. அந்தச் சாதியில் பிறந்தாலே திருடன் என்று சர்க்கார் முடிவு கட்டி எழுதிவைத்த சட்டம். அவர்களுடைய ஆண்கள் தினமும் பொழுது சாய ஊர் அதிகாரியான மணியக்காரர் வீட்டு வாசலில் வந்து தலையைக் காட்ட வேண்டும். பக்கத்து ஊர்ச் சந்தைக்குப் போகவும் மணியக்காரரிடம் சீட்டு வாங்க வேண்டும். ஊரில் ஒரு கோழி காணாமல் போனாலும் முதலில் கரட்டுக்குத்தான் போலீஸ் போகும். கோழியைக் கீரி தின்றிருக்கும். அடி இவர்களுக்கு விழும்.

அன்றைக்கு அவள் கயிற்றைப் பிடித்ததும் முதலில் எதிர்த்தது யார் தெரியுமா? வெளுக்கிறவர் மகள். "அவ வந்தா நான் வரலை" என்று கோலைக் கீழே போட்டாள். பண்ணையக்காரர் மகள் மட்டும், "ஆள் மேல ஆள் படாம ஆடறதுதானே, இதுல என்ன இருக்குது?" என்றாள்.

"கயித்துல ஏதுடி தீட்டு? பருத்தி பொறுக்குனது யாரு, நூத்தது யாரு, நம்ம நெய்யற சேலையக் கட்டறது யாருன்னு கேட்டுக்கிட்டா நெய்யறோம்?" என்று நான் கத்தினேன். ஆட்டம் வேண்டும் என்கிற வெறியில் வந்த பேச்சு. ஆனால் அதுவே எங்கள் சட்டமாகிவிட்டது. கயிற்றுக்குத் தீட்டு இல்லை. அவரவர் கயிறு அவரவர் கையில், அவளுக்கு எட்டாவது கயிறு.

அவளும் முதலில் தப்புத் தப்பாகத்தான் ஆடினாள். குனிய வேண்டிய இடத்தில் நிமிர்ந்து என் நெற்றியில் மோதினாள். மோதியதும் நடுங்கிப்போய், "சாமி, மன்னிச்சுக்குங்க சாமி" என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள். நெற்றி வீங்கியது எனக்கு, அழுதது அவள். "எந்திரிடி, ஆட்டம் கெட்டுப்போகுது" என்றேன். எந்த இடத்தில் எது மாறியது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. முதலில் பண்ணையக்காரர் மகள் செம்பை உயரத் தூக்கி அவள் உள்ளங்கையில் தண்ணீர் ஊற்றுவாள். பிறகொரு நாள் செம்பையே அவளிடம் நீட்டினாள். நாங்கள் யாரும் அதைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. கோலைக் கீழே போட்டவளே பிற்பாடு அவளுக்குப் பேன் பார்த்தாள். அவள் தன் பாஷையில் ஏதோ பாட்டுப் பாடுவாள். அர்த்தம் கேட்டால் வெட்கப்பட்டுச் சொல்ல மாட்டாள். அந்தப் பாட்டுக்குத்தான் எங்கள் கால் நன்றாக விழுந்தது.

மாரியம்மன் பண்டிகையில் கோவில் முன்னால் ஆட வேண்டும் என்று எங்களுக்கு ஆசை. அங்கே எட்டாவதாக யார் நிற்பது என்று ஒருத்தியும் வாய் திறக்கவில்லை.

தப்படித்துப் பண்டிகை சாட்டுவதற்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை. அன்றைக்குத்தான் முதல்முறையாக உச்சியிலிருந்து கை எட்டுகிற உயரம் வரை ஒரு பிசகும் இல்லாமல் பின்னல் இறங்கியது. எட்டுக் கயிற்றின் எட்டு நிறமும் வரிசை மாறாமல் நின்றன. பிரிக்க எங்களுக்கு மனசு வரவில்லை. நாளைக்கும் ஒருமுறை கண்குளிரப் பார்த்துவிட்டுப் பிரிக்கலாம் என்று புளியங்கிளையில் அப்படியே தொங்க விட்டோம். பொழுது இறங்கிவிட்டது. புருஷன் ஆஜர் கொடுத்துவிட்டு வருவதற்குள் சோறாக்க வேண்டுமென்று அவள் கூடைகளை அள்ளிக்கொண்டு ஓடினாள். "நாளைக்கு வாரேனுங்க அம்மணி!" என்று திரும்பிப் பார்த்துக் கத்தினாள்.

மறுநாள் காலையில் அவளைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது.

பண்ணையக்காரர் வீட்டில் மூத்த மகனுடைய குழந்தையின் வெள்ளி அரைஞாண்கொடி காணோம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் குழந்தையைக் குளிப்பாட்டும்போது இடுப்பில் இருந்தது. விளக்கு வைக்கும்போது இல்லை. அதே நாள் காலையில் அந்த வீட்டில் முறம் விற்றவள் அவள். இதற்கு மேல் என்ன ருசு வேண்டும்? கரட்டில் குடிசை குடிசையாகக் கவிழ்த்துத் தேடினார்கள். கொடி கிடைக்கவில்லை. கிடைக்காததே அவள் கெட்டிக்காரத் திருடி என்பதற்குச் சாட்சியாகிவிட்டது. அந்தக் கொடி என்ன ஆயிற்று என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

குளிப்பாட்டியதற்கும் விளக்கு வைத்ததற்கும் இடையில் அவள் எங்களோடு இருந்தாள். அந்த வீட்டுப் பெண்ணே அவள் எதிரில் ஆடிக்கொண்டிருந்தாள்! நான் அவர்கள் வீட்டுக்கு ஓடினேன். என் தோழி கதவுக்குப் பின்னால் நின்றாள். முகத்தில் ஈயாடவில்லை.

"ஒரு வார்த்த சொல்லுடி. உங்க அம்மாகிட்ட மட்டுமாவது சொல்லு."

"எங்கண்ணன் என்னையக் கெணத்துல தள்ளிப்போடுவான். உனக்குத் தெரியாது. நீ போயிரு."

அன்றைக்குக் கடைசியாகப் பார்த்ததுதான். அவளை அவசரம் அவசரமாகக் கெங்கவல்லிப் பக்கம் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். அவள் மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை. பாவம் என்றும் இருக்கிறது.

அப்பா தறியில் இருந்தார். நான் சொல்லச் சொல்ல அவர் கால் மிதியில் அப்படியே நின்றுவிட்டது. அவர் அதிர்ந்து பேசாதவர். தெருப் பஞ்சாயத்தில் பெரியதனக்காரர்களில் ஒருவர்.

"கூட விக்கறவளோட ஆடுனீங்களா? பாவடியிலயா?"

"ஆமாங்கப்பா."

"இத வேற யாருகிட்டச் சொன்ன?"

"யாருகிட்டயும் சொல்லலீங்க. போலீசுல சொல்லோணும். நீங்க வாங்கப்பா."

"கண்ணு, உனக்குப் பரிசம் போட்டிருக்குது. இன்னும் அஞ்சாறு ஊட்டுல பொண்ணு இருக்குது. நீ வாயத் தொறந்தா அத்தன பொண்ணுகளும் ஊட்டோட கெடக்க வேண்டியதுதான்" என்றார். அவர் குரலில் கோபமே இல்லை.

ஆனால் ஊருக்குள் முணுமுணுப்பு எப்படியோ கிளம்பிவிட்டது. அன்று மதியமே பெரியதனக்காரர்கள் கூடினார்கள். கூடை விற்கிறவள் பாவடிக்குள் கால் வைத்ததே இல்லை, எங்கள் பெண்கள் தாங்களாகவே ஆடினார்கள் என்று பேசி முடித்தார்கள். அப்புறம் யாருக்கோ அந்தப் பின்னல் ஞாபகம் வந்தது. எட்டுக் கயிறு தொங்குகிறதே! நெசவுக்காரப் பெண்களும் வெளுக்கிறவர் மகளும் பண்ணையக்காரர் மகளும் சேர்ந்தால் ஏழுதானே, எட்டாவது எவள் என்று மணியக்காரர் கேட்டால்? கத்தி போடக் கூடாது. ஆகவே எங்களையே கூப்பிட்டு, ஆடிப் பின்னலைப் பிரித்துவிடுங்கள் என்றார்கள்.

பட்டப்பகலில், தெருவே திரண்டு நிற்க, நாங்கள் ஆறு பேர் அந்தக் கயிறுகளைப் பிடித்தோம். பண்ணையக்காரர் மகள் வீட்டில் அடைபட்டுக் கிடந்தாள். அவள் கயிற்றை என் அம்மா பிடித்துக்கொண்டாள். பாட்டு இல்லை, கோல் சத்தம் இல்லை. பின்னால் ஓர் அடி வைத்தோம். எட்டாவது கயிறு தளர்ந்து தொங்கியதால் மற்ற ஏழும் அதைச் சுற்றி முறுக்கிக்கொண்டன. இன்னும் இரண்டு அடி. பெரிய முடிச்சாகிவிட்டது. என் கையாலேயே அவள் சாட்சியைப் பிரித்துப்போடச் சொல்கிறார்களே! மாட்டேன் என்று நான் நின்றால் மற்றவர்களை அடிப்பார்கள்.

"யாராச்சும் அந்தக் கயித்தப் புடிங்கப்பா!" என்று பெரியவர் ஒருவர் சத்தம் போட்டார்.

பக்கத்தில் நின்ற பெண்கள் சேலையை இழுத்துக்கொண்டு பின்வாங்கினார்கள். ஒரு கிழவர், "அத எவன் தொடுவான்? தலை முழுகோணும்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தியமாகச் சிரித்தேன். "எதுக்குங்க தலை முழுகோணும்? அவதான் இங்க வரவே இல்லைன்னு சொன்னீங்களே! வராதவ புடிச்ச கயித்தத் தொட்டா உங்களுக்கு என்னங்க தீட்டு?"

மணியக்காரர் எப்போது வந்து நின்றார் என்று தெரியாது. எல்லோர் முகமும் அவரைப் பார்த்துத் திரும்பியது. அடுத்த நொடி அப்பாவின் கை என் கன்னத்தில் விழுந்தது. அதுவரை அவர் என்னை அடித்ததே இல்லை.

மணியக்காரர் மெதுவாக வெற்றிலையைத் துப்பினார். "நானும் வெவரம் தெரிஞ்சவன்தான். எனக்கு எல்லாந் தெரியும், புள்ள. ஊரு வேணுமா, அவ வேணுமான்னு பாத்தா, ஊருதான் வேணும்" என்றார்.

தெரியாததால் அநியாயம் நடக்கிறது, தெரியவைத்தால் நின்றுவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எல்லோருக்கும் தெரியும்! தெரிந்துதான் செய்கிறார்கள். இதற்கு யாரிடம் போய் முறையிடுவது?

கடைசியில் கயிற்றைத் தொடாமல், பாவடியில் நூலையும் வெட்டாமல் முடிக்க ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கிளையையே வெட்டுவது! கத்தி எடுக்கும் பாவத்துக்கு வெளியாள் ஒருவன் வேண்டும். அவளுடைய புருஷன் காலையிலிருந்து பாவடி ஓரத்தில் கும்பிட்ட கையோடு நின்றுகொண்டிருந்தான், பெரியவர்கள் சொன்னால் போலீஸ் விட்டுவிடும் என்கிற நம்பிக்கையில். அவனை ஏறச் சொன்னார்கள். அவன் ஏறினான். அது எதற்கான கயிறு என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. நான் சொல்ல வாயெடுத்தபோது அம்மா என் வாயைப் பொத்தினாள். கிளை விழுந்ததும் அவன் அதைத் தோளில் போட்டுக்கொண்டு, சுடுகாட்டுப் பக்கம் கொண்டுபோய் எரித்துவிட்டு ஓடி வந்து, "ஏனுங்க சாமி, இனி எம் பொண்டாட்டிய உட்ருவாங்களா?" என்று கேட்டான்.

அதற்குப் பின்னால் வந்த நாட்களில் நான் பட்டினி கிடந்தேன், கத்தினேன், தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்துகொண்டு யாரையும் நெய்ய விடாமல் செய்தேன். கதர் கட்டிக்கொண்டு தீண்டாமை பற்றிப் பேசுகிற ஒருவர் எங்கள் ஊருக்கு அடிக்கடி வருவார். நல்ல மனிதர்தான். அவரைப் போய்ப் பார்த்தேன். "இது சமயமில்லையம்மா. ஊர் இரண்டுபட்டுவிடும்" என்றார். என் பரிசத் தட்டு மாப்பிள்ளை வீட்டுக்கே திரும்பிப் போனது. அது ஒன்றுதான் அந்த நாட்களில் எனக்கு நிம்மதியாக இருந்தது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நாற்பதுகளில் நான் சேலத்தில் குடியிருந்தபோது மறுபடியும் கோலாட்டம் தொடங்கினேன். மில் வேலைக்காரர் பெண்கள், தெரு கூட்டுகிறவர் பெண்கள், சாயப்பட்டறைக்காரர் பெண்கள் என்று பலரும் வந்தார்கள். ஒரே ஒரு கட்டுப்பாடுதான் வைத்தேன். ஒளிந்து ஆடக் கூடாது. வாசலில், ஊர் பார்க்க ஆட வேண்டும், உன் பக்கத்தில் நிற்பவள் யாரென்று உன் வீட்டுக்குத் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் கயிற்றைத் தொடாதே. பாதிப் பேர் திரும்பிப் போனார்கள். போகட்டும் என்று விட்டேன். மிஞ்சியவர்கள் நின்றார்கள். அந்த வட்டத்தைத்தான் எல்லோரும் புகழ்கிறார்கள். ஆனால் கரட்டு ஜனங்களில் ஒருத்தியை, ஒரே ஒருத்தியை, என்னால் கடைசிவரை கூப்பிட்டு வர முடியவில்லை. எத்தனையோ முறை போய் நின்றிருக்கிறேன். மரியாதையாகச் சிரிப்பார்கள். வர மாட்டார்கள். ஏன் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கோர்ட்டில் நான் பார்த்தது போதும்.

கோர்ட்டு நாளன்று விடியற்காலையில் நான் தனியாகக் கிளம்பினேன். அப்பா கதவண்டை நின்றார். தடுக்கப் போகிறார் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கூட நடந்தார். கோர்ட்டு இருந்த தாலூகா ஊர் வரைக்கும் நடைதான். வழியில் ஒரு கிணற்றடியில் தண்ணீர் மொண்டு முதலில் எனக்குக் கொடுத்தார்.

கோர்ட்டில் எங்கள் ஊர் ஆண்கள் பாதிப் பேர் இருந்தார்கள். மணியக்காரர் முன்னால் உட்கார்ந்திருந்தார். பண்ணையக்காரர் மகன் அவர் பக்கத்தில். வெளியே வேப்பமரத்தடியில் கரட்டு ஜனங்கள் குந்தியிருந்தார்கள், அவள் புருஷனும் இருந்தான். அவளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஒரு பக்கத்துக் கண் வீங்கி மூடியிருந்தது. விரல்களைச் சேலைக்குள் மறைத்து வைத்திருந்தாள். கூடை முடைகிற விரல்கள்.

மாஜிஸ்திரேட்டு என்னைப் பேசவிட்டார். அதை மறுக்க மாட்டேன். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பாவடி, எட்டுக் கயிறு, பொழுது இறங்கும் நேரம், எதிரில் நின்று ஆடியவள் யார் வீட்டுப் பெண் என்பது வரை ஒன்று விடாமல் சொன்னேன். பின்னால் ஆண்கள் இரைந்தார்கள். நான் நிறுத்தவில்லை. இனி அவளை விட்டுத்தானே ஆக வேண்டும் என்று நினைத்தேன்.

மாஜிஸ்திரேட்டு அவள் பக்கம் திரும்பினார். "இந்தப் பெண்ணை உனக்குத் தெரியுமா?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு மணியக்காரரைப் பார்த்தாள். பிறகு ஜன்னல் வழியாக வேப்பமரத்தடியைப் பார்த்தாள்.

"தெரியாதுங்க சாமி. இவங்கள நான் கண்டதே இல்லீங்க."

"நீ இவர்களோடு ஆடவில்லையா?"

"நாங்க கூட முடையறவங்க சாமி. எங்களுக்கு ஆட்டம் ஏதுங்க?"

"அப்படியானால் கொடியை எடுத்தது யார்?"

"நாந்தானுங்க சாமி. எங்கியோ உளுந்துபோச்சுங்க."

பொய் என்று நான் கத்தினேன். என்னைப் பிடித்து வெளியே தள்ளினார்கள். தண்டனை எத்தனை மாதம் என்றுகூட என் காதில் விழவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளைக் கைவிலங்கோடு படியில் இறக்கிக் கொண்டுவந்தார்கள். நான் ஓடிப்போய் எதிரில் நின்றேன்.

"ஏண்டி? ஏண்டி இப்படிச் சொன்ன? நான் உன்னைக் காப்பாத்தத்தானே வந்தேன்!"

அவள் போலீஸ்காரரைப் பார்த்துக் கெஞ்சுவது போலத் தலையைத் தாழ்த்தினாள். அவர் ஒரு நிமிஷம் நின்றார்.

"திருடுனேன்னு சொன்னா நான் ஒருத்திதான் செயிலுக்குப் போவேன், அம்மணி" என்றாள். "உங்ககூட ஆடுனேன்னு சொன்னா, கரட்டுல ஒரு குடிசை மிஞ்சாதுங்க. நீங்க ஊட்டுக்குப் போங்க."

எனக்குப் போக ஒரு வீடு இருந்தது. போனேன்.